மண் மாறிய ஊரில் தலைமுறை வரலாறு

ஒரு குடும்பத்தின் கொடிவழி என்பது யாருக்கு யார் பிறந்தார் என்னும் பெயர் வரிசை. குடும்ப வரலாறு என்பது அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எந்த ஊரில், எந்தத் தொழிலைச் செய்து, எந்தக் காரணத்தால் இடம் பெயர்ந்து, யாரோடு உறவு கொண்டு வாழ்ந்தார்கள் என்பதைச் சான்றுகளோடு எழுதிவைப்பது. கொடிவழியை நினைவிலிருந்தே சொல்லிவிட முடியும். குடும்ப வரலாற்றுக்கு ஊரும் வீடும் தாளும் வேண்டும். தமிழகத்தின் பெரும்பாலான குடும்பங்களுக்கு இவை ஏதேனும் ஒரு வடிவில் எஞ்சியிருக்கின்றன: பூர்வீக வீடு இடிந்திருந்தாலும் மனை இருக்கும், மனை கைமாறியிருந்தாலும் குலதெய்வக் கோயில் இருக்கும், எங்கேனும் ஒரு பரணில் பழைய பத்திரங்கள் அடங்கிய தகரப் பெட்டி இருக்கும். கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியத்தோடு இரண்டு மூன்று தலைமுறைகளாகப் பிணைந்துள்ள குடும்பங்களுக்கோ இவற்றில் பலவும் இல்லாமற்போயின. அதனாலேயே குடும்ப வரலாற்றை முறையாகத் தேடி எழுதவேண்டிய தேவை வேறெந்த ஊரையும்விட இங்கே மிகுதியாக இருக்கிறது.

1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பு நிறப் பொருள் வெளிப்பட்டதைக் கண்டு அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்ற ஜம்புலிங்க முதலியாரின் பெயரோடு தொடங்குகிறது நெய்வேலியின் நிலக்கரி வரலாறு. பின்னாளில் அவர் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் திட்டத்துக்காக வழங்கினார். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவுபெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு முதல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி, அடியிலிருந்து பெருவிசையோடு மேலெழும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே தோண்டிய பின்னர், 1961இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. இந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இரு வகைக் குடும்பங்களின் வரலாறு ஒரே நேரத்தில் திசைமாறியது. ஒரு வகையினர் வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்து நகரியத்தில் குடியேறியவர்கள். மற்றவர்கள் சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் நிலமும் வீடும் கொடுத்துவிட்டு வெளியேறியவர்கள். முன்னவர்கள் தங்கள் ஊரை விட்டு வந்தார்கள். பின்னவர்களை ஊரே விட்டுப்போயிற்று. இவ்விரு திறத்தாருக்கும் தேடவேண்டிய ஆவணங்கள் வேறு, தேடும் வழிகளும் வேறு.

வந்து குடியேறியவர்களின் நிலையை முதலில் கருதலாம். நகரியத்தின் வீடுகள் எல்லாம் நிறுவனத்துக்கு உரியவை. பதவிக்கேற்ப ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில் குடும்பம் வாழ்ந்து, பதவி உயர்ந்தால் வேறு வகை வீட்டுக்கு மாறி, பணி ஓய்வு பெற்றதும் அதையும் காலிசெய்து கொடுத்துவிட வேண்டும். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஒரே வட்டத்தில் (நெய்வேலியில் வட்டம் என்பது எண்ணிடப்பட்ட குடியிருப்புப் பகுதி, பேச்சில் பிளாக்) வாழ்ந்த குடும்பம் ஓய்வுக்குப் பின் வடலூரிலோ விருத்தாசலத்திலோ புதுச்சேரியிலோ சென்னையிலோ வீடு கட்டிக்கொண்டு போய்விடுகிறது. பிள்ளைகள் பிறந்த வீட்டில் அப்போது வேறொருவர் குடியிருப்பார். ஒவ்வொரு வீடு மாற்றத்தின்போதும் எதை எடுத்துச்செல்வது, எதை எடைக்குப் போடுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருப்பதால், பழைய கடிதங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் மொய் நோட்டுகளும்தான் முதலில் வெளியேறுகின்றன. பூர்வீக ஊரோடு தொடர்பு வைத்திருந்த முதல் தலைமுறை மறைந்ததும், ‘எங்களுக்கு ஊர் நெய்வேலிதான்’ என்று சொல்லும் இரண்டாம் தலைமுறையிடம் அதற்கு முந்தைய ஊரின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. மூன்றாம் தலைமுறையிடம் அந்தப் பெயரும் ஓர் இனிஷியல் எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது.

ஆயினும் நிறுவனக் குடும்பங்களுக்கு ஒரு நன்மை உண்டு. ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனம் தன் ஊழியரைப் பற்றி எழுதிவைத்த தாள்கள் ஏராளம். பணிப் பதிவேட்டில் ஊழியரின் பிறந்த தேதி, தந்தை பெயர், சொந்த ஊர், கல்வி, பணியில் சேர்ந்த நாள், ஒவ்வொரு பதவி உயர்வின் நாள் ஆகியவை இருக்கும். வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் கொடுத்த நியமனப் படிவங்களில், அதாவது ஊழியர் இறந்தால் பணத்தைப் பெறவேண்டியவர் யார் என்று குறிக்கும் படிவங்களில், அன்றைக்கு உயிரோடிருந்த தாய், தந்தை, மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் பெயரும் வயதும் காணப்படும். திருமணத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் இப்படிவங்கள் மாற்றி எழுதப்பட்டிருந்தால், குடும்பம் வளர்ந்த வரிசையே அவற்றில் தெரியும். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு ஆணைகள், நிறுவன மருத்துவமனையின் சிகிச்சைப் புத்தகங்கள், நகரியப் பள்ளிகளின் மாற்றுச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கினால், ஒரு குடும்பம் எந்த ஆண்டில் எந்த வட்டத்தில், எந்தத் தெருவில் வாழ்ந்தது என்பதைப் பிசகின்றி நிறுவ முடியும். ஓய்வு பெறும் நாளில் கையில் கிடைக்கும் தாள்களை ஓய்வூதியக் கணக்கு முடிந்ததும் எறிந்துவிடும் வழக்கம் கைவிடத்தக்கது.

நிலம் கொடுத்தவர்களின் ஆவணங்கள் இவற்றைவிட ஆழமானவை, தேடுவதற்குக் கடினமானவையும்கூட. தொடக்க காலத்தில் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படியும், பிற்காலத்தில் தொழில்துறை நோக்கங்களுக்காக நிலம் எடுப்பதற்கான 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்படியும் இங்கே நிலங்கள் எடுக்கப்பட்டன. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஆறாம் பிரிவு அறிவிப்புகள் அரசிதழில் வெளியாகும்போது, கிராமத்தின் பெயர், புல எண், நிலத்தின் பரப்பு ஆகியவற்றோடு பட்டாதாரரின் பெயரும் இடம்பெறுவது வழக்கம். மாநிலத்துக்குச் சென்னை என்று பெயர் இருந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ் என்ற பெயரில் வெளிவந்த அந்த இதழ்த் தொகுதிகள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அறிவிப்பைத் தொடர்ந்து வழங்கப்படும் இழப்பீட்டு ஆணைக்குத் தீர்வம் என்று பெயர். பட்டாதாரர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் யார் யார், அவர்களுக்கு எவ்வெவ்வளவு பங்கு என்பதைத் தீர்வம் தீர்மானித்தாக வேண்டும். பங்கில் தகராறு எழுந்தால் முப்பதாம் பிரிவின்கீழ் அது உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். அவ்வழக்குக் கட்டுகளில் பாட்டன் காலத்திலிருந்து கொடிவழியைப் படமாக வரைந்து காட்டவேண்டிய கட்டாயம் வழக்காடிகளுக்கு ஏற்படும். அண்ணன் தம்பிகளுக்குள் அன்று நேர்ந்த மனக்கசப்பு, இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நான்கு தலைமுறைப் பெயர்களைச் சான்றுடன் தருவதாக அமைந்துவிடுகிறது.

எடுக்கப்பட்ட நிலம் பிந்தைய கிராமக் கணக்குகளில் நிறுவனத்தின் பெயரிலேயே நிற்கும் என்பதால், குடும்பத்தின் பெயரைக் காணவேண்டுமானால் எடுப்புக்கு முந்தைய நில வரித்திட்டப் பதிவேடுகளுக்குச் செல்ல வேண்டும். கிராமத்திலுள்ள ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய பரப்பு, வகை, தீர்வை, உரிமையாளர் ஆகியவற்றைக் காட்டும் நிரந்தரப் பதிவேடு ‘அ’ பதிவேடு எனப்படும். ஒருவருக்கு அந்தக் கிராமத்தில் உள்ள நிலங்களையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துக் காட்டுவது சிட்டா. ஒவ்வொரு பருவத்திலும் எந்தப் புலத்தில் என்ன விளைந்தது என்பதைக் காட்டுவது அடங்கல். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் இப்பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது பெயர்கள் பிழையாக ஏறிய நேர்வுகள் பல என்பதால், அதற்கு முந்தைய பதிவேட்டோடு ஒப்பிடாமல் எந்தப் பெயரையும் உறுதிசெய்யக் கூடாது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்ததையும், தென்னாற்காடு மாவட்டம் 1993இல் பிரிந்து கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் ஆனதையும் தேடுவோர் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய பத்திரத்தில் காணும் தாலுகாவின் பெயரும் இன்றைய தாலுகாவின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

தேடல் ஆவண அலுவலகத்தில் தொடங்குவதன்று, உயிரோடிருப்பவர்களிடம் தொடங்குவது. இதற்கு ஒரு முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய மருத்துவரும் மானிடவியலாளருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளில் தாம் கையாளத் தொடங்கிய குலமுறை ஆய்வு நெறியை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் தோடர்களிடம் விரிவாகப் பயன்படுத்தி, 1906இல் வெளியிட்ட தம் நூலில் எழுபதுக்கும் மேற்பட்ட கொடிவழிப் பட்டியல்களை அவர் சேர்த்தார். உறவுப்பெயர்களை நம்பாமல் தாய், தந்தை, பிள்ளை, கணவன், மனைவி என்னும் சில சொற்களை மட்டும் கொண்டு கேட்டுச் செல்ல வேண்டும் என்பதும், ஒருவர் சொன்னதை உறவினர் பலரிடம் தனித்தனியே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதும் அவர் நெறியின் சாரம். தமிழ்க் குடும்பங்களில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவைப்படுகிறது. தந்தையின் உடன்பிறந்தவர் மட்டுமன்றி அவருடைய பங்காளி முறை அண்ணன் தம்பிகள் அனைவருமே பெரியப்பா, சித்தப்பா எனப்படுகிறார்கள். அத்தையின் கணவரும் மாமா, தாயின் உடன்பிறந்தவரும் மாமா, மாமனாரும் மாமா. ‘சித்தப்பா’ என்ற சொல்லைக் கேட்டதும் அவரைப் பாட்டனின் மகனாகப் படத்தில் வரைந்துவிட்டால், அதற்குக் கீழே வரும் கிளை முழுவதும் தவறாகிவிடும்.

படம் வரைவதற்கு ஆய்வாளர்கள் கையாளும் குறியீடுகள் எளியவை: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், மண உறவுக்குச் சமக்குறி, பெற்றோர்-பிள்ளை உறவுக்கு நிலைக்கோடு, உடன்பிறப்புக்குக் கிடைக்கோடு. பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், பூட்டன் பூட்டிமார் எண்மர் என ஒவ்வொரு படியிலும் முன்னோர் இரட்டிப்பது பொது விதி. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இக்கணக்கு குறைகிறது. அவ்வாறு மணந்த ஒருவரின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டிமார் எண்மருக்குப் பதில் அறுவரே இருப்பர். அக்காள் மகளை மணந்தவரின் பிள்ளைக்கோ ஒரே தம்பதியர் தந்தைவழியில் பாட்டன் பாட்டியாகவும், தாய்வழியில் பூட்டன் பூட்டியாகவும் இரு படிகளில் நிற்பர். மேலைநாட்டுக் குடும்பங்களுக்காக அமைந்த கணினிச் செயலிகளில் இத்தகைய உறவுகளைப் பதியும்போது படம் குழம்பித் தோன்றும் என்பதால், முதலில் பெரிய தாளில் கையால் வரைந்து தெளிவுபடுத்திக்கொள்வதே நல்லது.

பெயரும் காலமும் அடுத்த இடர்ப்பாடுகள். தமிழ்க் குடும்பங்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே பிள்ளைக்கு முன்னெழுத்தாகிறது. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் அதே இரண்டு பெயர்கள் தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி மாறி வரும். 1910ஆம் ஆண்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டவரும் 1960இல் கையெழுத்திட்டவரும் ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் உடையவர்களாக இருந்தும், பாட்டனும் பேரனுமாக இருக்கக்கூடும். ஒவ்வொரு பெயரோடும் ஓர் ஆண்டையும் ஓர் ஊரையும் சேர்த்து எழுதுவதே இதற்குத் தீர்வு. பழைய ஜாதகங்களிலும் பத்திரங்களிலும் காணப்படும் தமிழ் ஆண்டுப்பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. பிரபவ ஆண்டு 1867இலும் 1927இலும் 1987இலும் தொடங்கியிருக்கிறது. ஆகவே ஆண்டுப்பெயரை மட்டும் கொண்டு காலத்தை முடிவுசெய்தால் ஒரு தலைமுறைக்கும் மேல் பிசகிவிடும். முதியவர்களிடம் ஆண்டைக் கேட்பதைவிட நிகழ்ச்சியைக் கேட்பது பயன் தரும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம், 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் போன்றவை தமிழகம் முழுவதற்கும் பொதுவான காலக்குறிகள். சுரங்கத்தில் முதன்முதலாக நிலக்கரி தெரிந்தது, மின்நிலையம் ஓடத் தொடங்கியது ஆகியவை நெய்வேலிக்கே உரியவை. ‘கரி எடுத்த வருஷம் மூத்தவன் கைக்குழந்தை’ என்று ஒருவர் சொன்னால், பிறந்த ஆண்டு 1960 அல்லது 1961 என்று கணிக்க இடமிருக்கிறது.

பெண்களின் வரலாற்றைத் தேடும் இடத்தில்தான் ஆவணங்கள் பெரிதும் கைவிடுகின்றன. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் மகன்களின் பெயரை மட்டுமே பேசும். தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் திருத்தப்பட்டு, அதற்குமுன் மணமாகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமவுரிமை வரும்வரை, கட்டிக்கொடுத்த மகளைக் குறிப்பிடவேண்டிய தேவை அப்பத்திரத்தை எழுதியவருக்கு இருக்கவில்லை. மணமானதும் முன்னெழுத்து மாறிவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் கணவரின் பெயர் வந்துவிடுகிறது. பிறந்த வீட்டுக்கான தடம் எழுத்தில் அற்றுவிடுகிறது. எழுத்து கைவிட்டதைச் சடங்கு காத்துவைத்திருக்கிறது என்பதுதான் இங்கே அறியத்தக்க உண்மை. குழந்தைக்கு யார் மடியில் வைத்துக் காது குத்தினார்கள் என்று கேட்டால் தாய்மாமன் தெரிவார். தாய்மாமன் தெரிந்தால் தாயின் பிறந்த ஊர் தெரியும். ஒரு பெண் இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், அவளுடைய அண்ணன் தம்பியோ அவர்கள் மக்களோ அடையாளப்படுவர். ஒரு சாவுக்கு எந்தெந்த வீட்டார் தீட்டுக் காத்தார்கள் என்று கேட்டால் பங்காளிகளின் எல்லை விளங்கும். எந்த ஊர்க் கோயிலில் முதல் மொட்டை அடிக்கிறீர்கள் என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை, பலநேரங்களில் நான்கைந்து தலைமுறைக்கு முந்தைய பூர்வீக ஊரைக் காட்டிவிடும். அக்கோயில் வரி கொடுப்போர் பட்டியலிலும் கல்வெட்டுகளிலும் பிரிந்துபோன கிளைகளின் பெயர்கள் ஒன்றாகக் கிடைக்கும். இக்கேள்விகளுக்கு ஆண்களைவிடப் பெண்களே துல்லியமாக விடை தருவர். சீர் யாருக்கு, முறை யாருடையது என்பதை அறிந்து நடத்தவேண்டிய பொறுப்பு அவர்களுடையதாகவே இருந்துவந்திருக்கிறது.

இதே காரணத்தால் மொய் நோட்டு மதிப்பு மிக்க ஆவணம். திருமணத்திலும் காதணி விழாவிலும் மஞ்சள் நீராட்டு விழாவிலும் பணம் வைத்தவரின் பெயர், ஊர், தொகை ஆகியவற்றை வந்த வரிசையில் எழுதும் அந்தக் குறிப்பேடு, குறித்த ஒரு நாளில் ஒரு குடும்பத்தின் உறவு எந்தெந்த ஊர்கள் வரை பரவியிருந்தது என்பதைத் திருப்பிச் செலுத்தவேண்டிய கடமையோடு பதிந்துவைக்கிறது. நகரியத்துத் திருமணங்களின் மொய் நோட்டில் பூர்வீக ஊரின் உறவினர்களும், அதே வட்டத்தின் அண்டை வீட்டார்களும், சுரங்கத்திலோ மின்நிலையத்திலோ உடன் பணிசெய்த தோழர்களும் அடுத்தடுத்த வரிகளில் வருவர். கேரளம், ஆந்திரம் உள்ளிட்ட பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் கலந்து வாழ்ந்த ஓர் ஊரின் சமூக வரலாற்றுக்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. பத்திரிகைகளும் அவ்வாறே: கல்யாணப் பத்திரிகை மணமக்களின் பாட்டன்மார் பெயரையும், கருமாதிப் பத்திரிகை இறந்தவரின் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயரையும் தாங்கியிருக்கும். சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலத் தொகுப்பில் நூல்களோடு பழைய அழைப்பிதழ்களும் இடம்பெற்றிருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழகத்தின் பழைய புகைப்பட நிலையங்களின் குடும்பப் படங்களையும், தனியார் வீடுகளில் கிடந்த நில, வழக்கு ஆவணங்களையும் மின்படியாக்கியிருக்கிறது. நூலகங்களே தேடிச் சேர்க்கும் இவற்றை வீட்டார் எடைக்குப் போடுவது வருந்தத்தக்கது.

அரசுப் பதிவுகளுள் எல்லாருக்கும் பொதுவானது பிறப்பு இறப்புப் பதிவு. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், பின்னர் நாடு முழுவதற்குமான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் இப்பதிவு நடந்துவந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்யப்பட்டமையால் பெயரிடம் காலியாக இருப்பது மிகுதி, ஆகவே தேடும்போது தந்தையின் பெயரையும் தேதியையும் கொண்டே தேட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்று, ஒரு சொத்தின்மீது பதிவான பத்திரங்களைக் காலவரிசையில் காட்டும். அவற்றின் நகல்களைப் பெற்றால் ‘இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர்’ என்று ஒவ்வொரு பத்திரமும் ஒரு தலைமுறையைக் கூட்டித்தரும். வட்டாட்சியர் வழங்கிய பழைய வாரிசுச் சான்றிதழ் ஒரே தாளில் ஒரு குடும்பத்தை நிறுத்திக் காட்டும். பழைய வாக்காளர் பட்டியல்களின் பயனைத் தமிழ்நாட்டு மக்கள் அண்மையில் நேரடியாகவே அறிந்தனர். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியல்களில் பெற்றோர் பெயரைத் தேடவேண்டியதாயிற்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வகையில் உதவாது: இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்ததும் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன, இந்தியாவிலோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிநபர் பற்றிய விவரங்கள் எவரது பார்வைக்கும் உரியவை அல்ல.

மேற்சொன்ன ஆவணங்களில் பெரும்பகுதி நிலம் உடையவர்களைப் பற்றியது என்பதை மறைக்கக் கூடாது. பண்ணைகளில் கூலிக்கு உழைத்த குடும்பங்களுக்குப் பட்டா இல்லை, பத்திரம் இல்லை, அரசிதழில் பெயரும் இல்லை. நெய்வேலிச் சுற்றுவட்டத்தில் நிலம் எடுக்கப்பட்டபோது வேலையையும் குடிசையையும் இழந்த இத்தகையோருக்கு இழப்பீட்டுக் கோப்புகளில் சான்று தேடுவது வீண். அவர்களுக்கு முதல் எழுத்துச் சான்று பெரும்பாலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. கிறித்தவக் குடும்பமாயின் திருச்சபையின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள். அண்டையிலிருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியில் வாழ்ந்தவர்களாயின் அங்கிருந்த குடியியல் பதிவேடுகள். நிறுவனத்தில் குவார்ட்டர்ஸ் பெறாமல் ஒப்பந்தத் தொழிலாளராகவே உழைத்து ஓய்ந்தவர்களின் குடும்பங்களிலும் தாள் குறைவு; அங்கே முதியவரின் சொல்லே மூல ஆவணம், அதைப் பதிவதில் காலத்தாழ்ச்சி கூடாது.

வியப்பூட்டும் ஒரு விலக்கு, கடல் கடந்து போனவர்களின் பட்டியல்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள அங்க அடையாளம் ஆகியவற்றை அதிகாரிகள் எழுதினர். தென்னாற்காடு அப்பட்டியல்களில் அடிக்கடி வரும் மாவட்டங்களுள் ஒன்று. தென்னாப்பிரிக்காவிலுள்ள வழித்தோன்றல்கள் இப்பட்டியல்களைக் கொண்டு தங்கள் கிராமத்தைத் தேடி வருகிறார்கள். மொரீசியசில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலிருக்கும் குடியேற்ற ஆவணங்களில் பெயர்களோடு புகைப்படங்களும் உண்டு. சொந்த ஊரில் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஓர் ஏழை உழைப்பாளியின் பெயரும் ஊரும் அடையாளமும், அவரை அடிமை போல் ஏற்றிச்சென்ற கப்பலின் பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றன. ‘பாட்டனுக்கு அண்ணன் ஒருவர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை’ என்ற பேச்சு ஒரு குடும்பத்தில் இருந்தால், அதைக் கதையென்று தள்ளாமல் இப்பட்டியல்களில் தேடிப்பார்ப்பது கடமை.

சேர்த்தவற்றைக் காப்பதிலும் ஒழுங்கு வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இப்பகுதியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. கூரை பறந்த வீடுகளில் நனைந்துபோன தாள்களுக்குக் கணக்கு இல்லை. ஒவ்வொரு தாளையும் கைப்பேசியிலாவது படமெடுத்து, எடுத்த நாள், தாளின் உரிமையாளர், அதிலுள்ளவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, குறைந்தது மூன்று உறவினர் வீடுகளில் படி வைக்க வேண்டும். புகைப்படத்தின் பின்புறத்தில் பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுவது, முகம் தெரிந்தவர் உயிரோடிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலை. முதியவரின் பேச்சை ஒலிப்பதிவு செய்தால், அதை அவர் சொன்ன சொல்லிலேயே, தென்னாற்காட்டு வழக்கு மாறாமல், எழுத்திலும் பெயர்த்துவைக்க வேண்டும்; செயலியும் சாதனமும் பத்தாண்டில் மாறிவிடும், தாளில் எழுதியது நிற்கும். இருவர் சொன்னது முரண்பட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதுவதே நேர்மை. தத்து, இரண்டாம் தாரம், சாதி கடந்த மணம், நோய், கடன் முதலியவை வெளிப்படும்போது, இறந்தவர்களைப் பற்றிய உண்மையை மாற்றாமல் எழுதலாம். உயிரோடிருப்பவரைப் பற்றியதை அவருடைய இசைவின்றிப் பிறருக்குக் காட்டலாகாது. முன்னோரைப் பெரியவராகக் காட்ட அரச மரபோடும் பெருநிலக்கிழாரோடும் சான்றின்றி இணைத்து எழுதும் ஆசையைக் கட்டாயம் விலக்க வேண்டும். சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் உழைத்து ஐந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவரின் வரலாறு, உள்ளது உள்ளபடி எழுதப்படும் தகுதி உடையது.

சுரங்க விரிவாக்கத்துக்கான நில எடுப்பு இன்னும் நிற்கவில்லை; 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற பயிரினூடே கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை நாடு கண்டது. முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. 1957இல் இருபது வயதில் வேலைக்கு வந்தவர்களும், அதே ஆண்டுகளில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் எண்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டார்கள். ஆவணக் காப்பகத்தின் தொகுதிகளை ஐந்தாண்டு கழித்தும் பார்க்கலாம். இவர்களிடம் கேட்கவேண்டியவற்றை நெய்வேலிக் குடும்பங்கள் வரும் பொங்கலுக்கு உறவினர் கூடும்போதே, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடமிருந்து தொடங்கிக் கேட்டு எழுதிவிட வேண்டும்.